நாத்தனார் வீட்டு டிவி மட்டும் ஏன் புதுசாகவே இருக்கிறது?

கேள்வி: எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் தென்கடல் பக்கம், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்பு நானும் என் நாத்தனாரும் ஒரே கடையில், ஒரே மாடல் டிவி வாங்கினோம். என்னுடையது மூன்று தடவை ரிப்பேர் ஆகிவிட்டது. இப்போது படத்தில் செங்குத்தாகக் கோடு விழுகிறது. நடுவில் வாஷிங் மெஷின் போர்டும் போனது. வீட்டுக்காரருக்குக் கடல் தொழில். அவர் போன் எதுவும் ஒரு வருடம் தாண்டுவதில்லை. நாத்தனார் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஊருக்குள். அவர் டிவியில் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர்கூட அப்படியே இருக்கிறது. இத்தனைக்கும் நான் தினமும் ஸ்ப்ரே அடித்துத் துடைக்கிறேன், அவர் துடைப்பதே கிடையாது. டிவியை நல்ல காற்றோட்டமாக, தெற்கு ஜன்னலுக்கும் பின்வாசலுக்கும் நடுவில்தான் வைத்திருக்கிறோம். கீழே இன்வெர்ட்டர் இருக்கிறது. எனக்குக் கை ராசி இல்லை என்கிறார் மாமியார். புது டிவி வாங்கினால் அதுவும் இப்படித்தான் ஆகுமா? (ஒரு வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: சகோதரி, ராசியைப் பற்றி மாமியாரிடம் பேசும் வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிட முடியாது. டிவியைப் பற்றிச் சொல்கிறேன். ராமநாதபுரத்தில் ரொம்ப வருஷமாக டிவி, வாஷிங் மெஷின் போர்டு பார்க்கிறவன் என்பதால், உங்கள் டிவியின் பின்மூடியைக் கழற்றினால் என்ன தெரியும் என்பது கடிதத்தைப் படிக்கும்போதே புரிந்துவிட்டது. பரமக்குடி, கமுதிப் பக்கமிருந்து வருகிற போர்டுகள் பெரும்பாலும் வோல்டேஜிலும் புழுதியிலும் போனவை. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் போர்டு என்றால் ஐசி எனும் சின்னக் கருப்புச் சில்லுகளின் கால்களில் பச்சைக் களிம்பு, ஸ்க்ரூ தலையில் துரு, கனெக்டர் பின்னில் கருப்பு. போர்டைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம்.

உங்கள் அடுப்படியில் கல்லுப்பு ஜாடி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதன் அடியில் தண்ணீர் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் டிவிக்குள்ளும் நடக்கிறது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீர்த்துப்போகும். ஆனால் கடலிலிருந்து வருகிற உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிடும். நம் கரையில் காற்று அந்த அளவுக்குக் காய்வது அபூர்வம். ராத்திரியில் பெரும்பாலும் 80-க்கு மேல்தான் இருக்கும். அதாவது போர்டில் படிந்த உப்பு நாள் முழுக்க ஏதோ ஒரு அளவில் ஈரமாகவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஈரம்.

உப்பு ஈரத்தில் கரண்ட் பாயும். டிவி போர்டில் பக்கத்துப் பக்கத்துச் செம்புக் கோடுகளுக்கு நடுவே பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. நீங்கள் ரிமோட்டில் அணைத்த பிறகும் உள்ளே ஸ்டாண்ட்பை வோல்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும். பிளஸ் பக்கத்துச் செம்பு அந்த ஈரத்தில் கரைந்து, மைனஸ் பக்கம் மெல்லிய இழையாக வளரும். இரண்டு கோட்டையும் அது தொட்டுவிட்டால் டிவி தானாக ஆன் ஆகும், தானாக அணையும், சில சமயம் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். மெக்கானிக் அந்த இடத்தைத் துடைத்துக் கொடுப்பார், ஆறு மாதம் ஓடும், மறுபடி வரும். உங்கள் மூன்று ரிப்பேரில் குறைந்தது இரண்டு இந்த வகையாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் அரிப்புச் சோதனை நிலையம் இருக்கிறது. உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் மாட்டிவைத்து எவ்வளவு அரிக்கிறது என்று பார்க்கிற இடம். அந்த வேலைக்கு நம் கரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றால், அதே காற்றில் ஒரு டிவியை வைத்துவிட்டு நம் கையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

சரி, நாத்தனார் வீட்டிலும் அதே காற்றுதானே என்று கேட்பீர்கள். அதே காற்று இல்லை. கரையில் அலை உடையும்போது கிளம்புகிற உப்புத் துளி, கனமானதெல்லாம் முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். நடுவில் தென்னந்தோப்பு, நாலு வீட்டுச் சுவர் என்று இருந்தால் இன்னும் குறையும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறபோது காற்றில் உள்ள உப்பு உங்கள் வீட்டில் இருப்பதில் சின்னப் பங்குதான். அதற்கு மேல் உங்கள் வீடு தென்கடல் பார்த்தது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, நேராக உங்கள் ஜன்னலில் வந்து மோதும். வடகடல் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு அந்த மாதங்களில் கொஞ்சம் நிம்மதி. அவர்கள் முறை வாடைக் காற்றில் வரும்.

இந்த இடத்தில்தான் உங்கள் 'நல்ல காற்றோட்டம்' காலை வாரிவிட்டது. தெற்கு ஜன்னலுக்கும் பின்வாசலுக்கும் நடுவில் காற்று ஓடுகிற பாதையில் மனுஷர் உட்காரலாம், டிவி உட்காரக் கூடாது. டிவிக்குப் பின்னால் இருக்கிற துவாரங்கள் வழியாகச் சூடு வெளியே போகும். அந்த வழியாகவே வெளிக்காற்றும் உள்ளே வரும். அதே ஹாலில் காற்று நேராக அடிக்காத சுவர் ஒன்று இருக்கும். உள்சுவர், பக்கத்து அறையோடு சேர்ந்த சுவர் என்றால் ரொம்ப நல்லது. டிவியை அதற்கு மாற்றுங்கள். பின்னால் நாலு விரல் இடைவெளி விடுங்கள். புதுச் சுவரில் பிளக் பாயின்ட் போட ஆகிற செலவு ஒரு தடவை மெக்கானிக்கைக் கூப்பிடுகிற செலவுதான். நான் சொல்கிற எல்லாவற்றிலும் இது ஒன்றைச் செய்தாலே பாதிக் குறை தீரும்.

கீழே இருக்கிற இன்வெர்ட்டரையும் கையோடு நகர்த்திவிடுங்கள். இன்வெர்ட்டரைவிட அதன் பேட்டரிதான் தொந்தரவு. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி சார்ஜ் ஏறும்போது குமிழி விடும். அந்தக் குமிழியோடு ஆசிட் ஆவியும் கொஞ்சம் கிளம்பும். அது நேரே மேலே இருக்கிற டிவிக்குப் போகிறது. கீழே ஆசிட், ஜன்னலில் உப்பு என்றால் நடுவில் மாட்டிக்கொண்ட டிவி நாலு வருடம் ஓடியதே பெரிய விஷயம். அதே மாதிரி, வலை, ஐஸ் பெட்டி, கயிறு எதையும் ஹால் பக்கத்து வராந்தாவில் காயப்போட வேண்டாம். காய்ந்த வலையை உதறினால் பறக்கிற தூளில் பாதி உப்பு.

இப்போது உங்கள் ஸ்ப்ரே. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைய எல்இடி டிவியில் படம் வரைகிற மெல்லிய பட்டை இணைப்புகள், பல மாடல்களில் கண்ணாடியின் கீழ் விளிம்பில்தான் ஒட்டப்பட்டிருக்கும். திரையில் நேராக ஸ்ப்ரே அடித்தால், துடைப்பதற்குள் ஒன்றிரண்டு சொட்டு வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும். இறங்கும்போது திரையில் இருந்த உப்பையும் கூடவே கொண்டுபோகும். தினமும் இது நடந்தால் ஒருநாள் செங்குத்துக் கோடு விழும். திறந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் உங்கள் கோட்டுக்கு என் முதல் சந்தேகம் இதுதான். துடைக்காத நாத்தனார் டிவி நன்றாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர் சோம்பல் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

அதற்காகத் துடைக்கவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது, திரையில் கீறலும் விழும். மெல்லிய துணியை நல்ல தண்ணியில் நனைத்து, சொட்டு விழாதபடி இறுக்கப் பிழிந்து, டிவி அணைந்து ஆறியிருக்கும்போது ஒரு தடவை துடையுங்கள். பிறகு உலர்ந்த துணி. கச்சான் மாதங்களில் வாரம் ஒருமுறை, மற்ற நாட்களில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். போர் தண்ணி உப்புக் கரிக்கிற வீடுகளில் அந்தத் தண்ணியிலேயே துடைக்கிறார்கள். அது துடைக்காமல் விடுவதைவிட மோசம். குடிக்கிற தண்ணியில் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள், குறைந்துபோகாது.

உப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கரண்ட் தப்பித்துக்கொள்ளும். கரையோரத்தில் இரண்டும் கூட்டாளிகள். கம்பத்தில் இருக்கிற ஒயர் இணைப்பு, பீங்கான், உங்கள் வீட்டு மெயின் பெட்டியில் இருக்கிற ஸ்க்ரூ, எல்லாவற்றையும் அதே காற்றுதான் அரிக்கிறது. அதில் ஆபத்தானது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், லூஸ் ஆவது. மூன்று பேஸ் (கரண்ட் வருகிற மூன்று ஒயர்) போகிற தெருவில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் அது 300-ஐத் தாண்டிவிடும். இரண்டு பேஸுக்கு நடுவே இருக்கிற 400 வோல்ட் வரைகூட நெருங்கும். அன்றைக்கு அந்த வரிசையில் பல வீடுகளில் ஒரே சமயத்தில் டிவி, செட்டாப் பாக்ஸ், சார்ஜர் எல்லாம் போகும். இதற்கு முன்னறிகுறி உண்டு: பல்பு திடீரென்று வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிவது, ஃபேன் தானாக வேகம் பிடிப்பது, கிரைண்டர் போட்டதும் ஒரு அறையில் விளக்கு மங்கி இன்னொரு அறையில் கூடுவது. இதில் எதைப் பார்த்தாலும் மெயினை அணைத்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள். 'நாளைக்குச் சொல்லிக்கலாம்' என்று விடுகிற விஷயம் இல்லை.

உங்கள் டிவிக்கு வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற பெரிய ஸ்டெபிலைசர் அவசியமில்லை. இப்போது வருகிற டிவிகளின் பவர் சப்ளை 100-லிருந்து 240 வோல்ட் வரை தானே சமாளித்துக்கொள்ளும். தேவைப்படுவது, வோல்டேஜ் எல்லை தாண்டினால் துண்டித்துவிடுகிற கருவி. கடையில் 'ஹை வோல்டேஜ் கட் ஆஃப் இருக்கா' என்று கேட்டு வாங்குங்கள். ஃப்ரிட்ஜுக்கு வாங்கினால், கரண்ட் திரும்பி வந்தபின் மூன்று நிமிடம் போலத் தாமதித்து விடுகிறதா என்றும் பாருங்கள், கம்ப்ரசருக்கு அது வேண்டும். வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் 'ஸ்பைக்' என்று அச்சடித்து விற்கிறார்கள். உள்ளே, வோல்டேஜ் திடீரென்று எகிறினால் தாங்கிக்கொள்கிற வேரிஸ்டர் என்ற சின்னப் பொருள் இருக்கும். இருந்தாலும் எர்த்து சரியாக இல்லாத வீட்டில் அது தன் வேலையை முழுதாகச் செய்யாது.

எர்த்து என்றதும் ஞாபகம் வருகிறது. வாஷிங் மெஷினைத் தொடும்போது எப்போதாவது ஜிவ்வென்று இழுக்கிறதா? மூன்று பின் உள்ள பொருளில் அப்படி இருந்தால் எர்த்து அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கரையோர மண் ஈரமாக, உப்பாக இருப்பதால் எர்த்து நன்றாகவே கிடைக்கும். ஆனால் அதே மண் இரும்புப் பைப்பைச் சீக்கிரம் தின்றுவிடும். வழக்கமாகப் பைப்பும் ஒயரும் சேருகிற கிளாம்ப், தரை மட்டத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடக்கும். வீடு கட்டியபோது போட்டதோடு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். இது டிவிக்காக மட்டுமல்ல, உங்கள் உயிருக்காகவும்தான்.

நாத்தனார் டிவிக்கு இன்னொரு சௌகரியமும் இருக்கலாம். அவர் வீட்டில் தினமும் எத்தனை மணி நேரம் டிவி ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் இரண்டு சீரியலோடு அணைகிற டிவியும், காலையில் பூசையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிற டிவியும் ஒரே வயது என்று சொல்ல முடியாது. கடையில் காட்டுவதற்காக வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருப்பார்கள், பலர் வீட்டிலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். திரைக்குப் பின்னால் எரிகிற பேக்லைட் போவதற்கு அது முக்கியக் காரணம். செட்டிங்கில் போய்ப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள், சூடும் குறையும். பவர் போர்டில் இருக்கிற கெபாசிட்டர்களுக்குப் பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு.

அந்த ஸ்டிக்கர், பாலித்தீன் உறை விஷயத்தில் மட்டும் நாத்தனாரைப் பின்பற்றாதீர்கள். உறையோடு டிவி ஓடினால் சூடு அடைபடும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மேல் ஒட்டி வருகிற மெல்லிய பிளாஸ்டிக்கை வருடக்கணக்கில் உரிக்காமல் வைத்தால் ஓரங்களில் உப்பு ஈரம் உள்ளே போய்த் தங்கி, தகடு அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும். புதுசாகத் தெரிவதும் புதுசாக இருப்பதும் வேறு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவார்கள். ஒரு கீறல்கூட இல்லாத டிவி, இரண்டு வருடம் கழித்துப் போட்டால் உயிர் வராது. ஓடுகிற பொருள் தன் சூட்டிலேயே கொஞ்சம் உலரும். சும்மா கிடப்பதற்கு அந்த வசதி இல்லை. பூட்டிவிட்டுப் போவதாக இருந்தால் பிளக்கைக் கழற்றி, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, உள்ளறையில் வைக்க வேண்டும். வீட்டில் இருக்கிறவர்கள் தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிட்டு, படுக்கப் போகும்போது சுவிட்சிலேயே அணைத்துவிட வேண்டும்.

வீட்டுக்காரர் போனுக்கு வருகிறேன். கடல் தண்ணி பட்ட போனைச் சார்ஜில் போடுவதுதான் அதைக் கொல்கிறது. சார்ஜர் பின்னில் உப்புத் தண்ணியும் 5 வோல்ட்டும் சேர்ந்தால், பின்னில் இருக்கிற உலோகம் சில நாட்களிலேயே கரைந்து போகும். அரிசி மூட்டையில் புதைப்பது வீண் வேலை. அரிசி கொஞ்சம் ஈரத்தை எடுக்கலாம், உப்பை எடுக்காது. போன் கடலில் விழுந்து எடுத்தால் உடனே அணைத்துவிடச் சொல்லுங்கள். 'வேலை செய்யுதா' என்று ஆன் செய்து பார்க்க வேண்டாம். கரைக்கு வந்த அன்றைக்கே கடையில் கொடுத்துப் பிரித்து, ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் கழுவ வேண்டும். இரண்டு நாள் தள்ளிக் கொண்டுவந்தால் கழுவுவதற்கு உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. கடலுக்குப் போகும்போது இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் பை ஒன்று போதும்.

வாஷிங் மெஷின் போர்டைப் பற்றியும், இனி எதையாவது ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும், மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: 'போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு அடிக்க முடியுமா?' பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த இரும்புப் பாலம், ஓயாமல் பெயின்ட் அடித்துத்தான் 2022 டிசம்பரில் ரயில் நிற்கும் வரை தாக்குப்பிடித்தது. 2025-இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பெயின்ட்டும் போட்டிருக்கிறார்கள். போர்டுக்கும் அப்படி ஒரு பூச்சு உண்டு, கன்ஃபார்மல் கோட்டிங் என்போம். போர்டை ஐபிஏ-வில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கனெக்டர்களை மறைத்துவிட்டு அந்த ஸ்ப்ரேயை அடிக்க வேண்டும். கழுவாமல் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகிவிடும். பெட்ரோலில் கழுவுகிறேன் என்று யாராவது சொன்னால் போர்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான வாரண்டி அட்டைகளில் துரு, பல்லி, எறும்பு, வோல்டேஜ் இவற்றால் வருகிற பழுதைச் சேர்த்திருக்க மாட்டார்கள். வாரண்டி இருக்கும்போதே நாமாகத் திறந்து கோட்டிங் அடித்தால் அதுவும் போய்விடும். அதனால் முதல் ரிப்பேர் வரும் சமயத்தில் செய்வது சரி.

கடைசியாக, புது டிவி. கோடு பேனலில் (படம் தெரிகிற திரைப் பலகையில்) இருந்து வருகிறது என்றால், பேனல் மாற்றுகிற செலவு புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தச் செலவைச் செய்யாதீர்கள். கோடு ஒன்றிரண்டோடு நின்றிருந்தால் அப்படியே பாருங்கள், ஸ்ப்ரேயை மட்டும் நிறுத்துங்கள். அதற்குள் உள்சுவரில் பிளக் பாயின்ட்டைப் போட்டு, பழைய டிவியை அங்கே மாட்டி, நியூட்ரலையும் எர்த்தையும் பார்த்துவிடுங்கள். அது ஒரு கச்சான் காலத்தைக் கோடு அதிகமாகாமல் தாண்டினால் புதுசு வாங்கலாம். அப்போது பழையதை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பவர் போர்டும் மெயின் போர்டும் உயிரோடு இருந்தால் ரிப்பேர் கடைகளில் அதற்கு நல்ல விலை கிடைக்கும்.